டார்வினில் ஒரு .416 ரிக்பி: தோட்டாக்களை நாமே நிரப்பிக்கொள்வது பற்றி

கேள்வி: டார்வின்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் குடியிருக்கிறேன். இங்குள்ள நண்பர்களுடன் சில ஆண்டுகளாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய் வருகிறேன். அதற்கு என்னிடமுள்ள .308 துப்பாக்கி தாராளமாகப் போதும். அடுத்த வறண்ட பருவத்தில் ஆர்னம் லாண்டில் எருமை வேட்டைக்குச் செல்ல, அந்நிலத்துக்கு உரியவர்களான பழங்குடி மக்களின் அனுமதியோடு வேட்டை நடத்தும் ஒருவரிடம் ஏற்பாடு செய்திருக்கிறேன். இங்கே திரியும் எருமைகள், 1820களில் தொடங்கி மெல்வில் தீவுக்கும் கோபர்க் தீபகற்பத்துக்கும் பிரிட்டிஷார் கொண்டுவந்து, குடியிருப்புகளைக் கைவிட்டபோது அப்படியே விட்டுச்சென்றவற்றின் வழிவந்தவை. நம் ஊர்க் குளத்தில் கிடக்கும் எருமையின் இனம்தான் என்றாலும், தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வளர்ந்த கடா 700 கிலோவுக்கு மேல் நிற்கும், காயம்பட்டால் ஆளைத் தேடித் திரும்பி வரும்.

அதற்காக, உரிமமும் வாங்கும் அனுமதியும் முறைப்படி பெற்று, .416 ரிக்பி அளவில் ஒரு சிஇசட் 550 சஃபாரி மேக்னம் துப்பாக்கியை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது. சிக்கல் தோட்டாவில்தான். கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வந்தாலும் அந்த விலையில் நான்கைந்து சுட்டுப் பழகுவதற்கே மனம் தயங்குகிறது. .308 தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்வதால் கூட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ், தராசு எல்லாம் கைவசம் உள்ளன. ஆனால் இவ்வளவு பெரிய தோட்டாவைத் தொட்டதில்லை.

என் ஐயங்கள் இவை. முன்பு வைத்திருந்தவர் ஒரு தாளில் தம்முடைய மருந்தளவை, அதாவது ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு வெடிமருந்து என்பதை, எழுதிக் கொடுத்திருக்கிறார். அது என்னிடமுள்ள கையேட்டின் உச்ச அளவையும் தாண்டுகிறது. “பித்தளைக் கூட்டில் இடம் இருக்கிறது, இந்தத் துப்பாக்கியும் தாங்கும், பல ஆண்டுகளாகச் சுடுகிறேன், பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) ஒரு குறிகூடத் தெரிந்ததில்லை” என்றார். இதை நம்பலாமா? இரண்டாவது, டார்வினின் வெப்பத்தில், வண்டிக்குள் கிடந்த தோட்டாவை எவ்வளவு நம்பலாம்? மூன்றாவது, எருமையின் முன் நிற்கும்போது கையால் நிரப்பிய தோட்டாவை வைத்திருப்பது சரிதானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பித்தளைக்கூடு (பிரிஸ்பேன்)

வணக்கம் தம்பி. முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். எழுதிக் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அவர் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட ரிக்பிக்குப் பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் .416-ஐ 1911-இல் வெளியிட்டது. அன்றைய மருந்து கார்டைட். நைட்ரோகிளிசரின் கலந்த அந்த மருந்துக்கு வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும் குணம் உண்டு. இங்கிலாந்தின் குளிரில் ஒழுங்காகச் சுடும் தோட்டா, ஆப்பிரிக்காவிலோ இந்தியாவிலோ நடுப்பகலில் கூடு பிதுங்கி, குழலின் பின்பகுதியில் தோட்டா அமரும் சேம்பரிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். யானையோ காட்டெருமையோ எதிரில் நிற்கும் வேளையில் போல்ட் (சேம்பரை மூடித் திறக்கும் தண்டு) திறக்கவில்லை என்றால் கையில் இருப்பது வெறும் கட்டைதான். அதனால்தான் அவர்கள் தேவைக்கு மேல் பெரிய கூட்டை எடுத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்திலேயே 410 கிரெயின் (ஏறத்தாழ 26.5 கிராம்) குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2370 அடி வேகத்தில் போகும்படி வடிவமைத்தார்கள். கூட்டில் நீங்கள் பார்க்கும் அந்தக் காலி இடம், வெப்பத்தில் கூடு எளிதாக வெளியே வர வேண்டும் என்பதற்காக விடப்பட்டது. அதை நிரப்பிவிட்டால் ரிக்பியின் முழுச் சிறப்பையும் எடுத்து வெளியே எறிந்தது போலாகிவிடும்.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஐரோப்பிய விதிப்படி .416 ரிக்பியின் உச்ச அழுத்தம் 3250 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 47,000 பவுண்டு. அமெரிக்க விதி 52,000 வரை அனுமதிக்கிறது. 1988-இல் வந்த .416 ரெமிங்டன் மேக்னமோ, சிறிய கூட்டிலிருந்து அதே வேலையை வாங்குவதற்காக 65,000 வரை போகிறது. இரண்டும் எருமையின் மீது செய்யும் வேலை ஒன்றே, அழுத்தம் மட்டும் வேறு.

இப்போது “பிரைமரில் குறி தெரியவில்லை” என்ற வாதத்துக்கு வருகிறேன். பிரைமர் தட்டையாவது, போல்ட் கனமாகத் திறப்பது, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுவது ஆகிய குறிகளெல்லாம் பித்தளை தாங்கும் எல்லையை நெருங்கும்போதுதான் தோன்றும். .308 போன்ற உயர் அழுத்தத் தோட்டாவில் அவை ஓரளவுக்கு எச்சரிக்கையாகப் பயன்படும். குறைந்த அழுத்தத்துக்கென்றே பிறந்த ரிக்பியில், அந்தக் குறி கண்ணில் படும் நேரத்தில் அதன் எல்லையை எப்போதோ தாண்டியிருப்போம். ஆகவே குறி இல்லை என்பது இங்கே எதற்கும் சான்று ஆகாது. நம்மிடம் உள்ள ஒரே நேர்மையான சாட்சி, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப்தான். கையேடு சொல்லும் வேகத்தைவிட உங்கள் குண்டு வேகமாகப் போகிறது என்றால், குழல் நீளத்தால் வரும் சிறு வேறுபாடு போக, மிச்ச வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வேகம் எங்கிருந்தும் இலவசமாக வராது.

மருந்தைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியாவில் இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. நியூ சவுத் வேல்ஸின் மல்வாலாவில் தயாராகும் ஏடிஐ மருந்துகள்தாம் அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் பெயரில் விற்கப்படுகின்றன. நம் ஏஆர் 2209 அங்கே எச் 4350, நம் ஏஆர் 2213எஸ்சி அங்கே எச் 4831எஸ்சி. இரண்டும் ரிக்பிக்கு ஏற்ற வேகத்தில் எரிபவை, வெப்பமாற்றத்தால் அதிகம் அசையாதவை. கார்டைட் காலத்தின் கவலை முழுவதும் தீர்ந்துவிடவில்லை என்றாலும் மிகவும் குறைந்துவிட்டது. அளவை நான் இங்கே எழுத மாட்டேன். யாருடைய அளவையும் இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். மருந்து செய்பவரும் குண்டு செய்பவரும் வெளியிடும் நடப்புக் கையேட்டில், நீங்கள் வாங்கிய அதே குண்டுக்குரிய தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறிது சிறிதாக ஏறி, விநாடிக்கு 2300 அடியை ஒட்டிய வேகம் கிடைத்ததும் நின்றுவிடுங்கள். 400 கிரெயின் குண்டு அந்த வேகத்தில் 4700 அடி-பவுண்டு ஆற்றலோடு போகிறது. எருமைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. சிறு குச்சி போன்ற மணிகளாக இருப்பதால் இம்மருந்துகள் அளவுக் கருவியில் அவ்வளவு சீராக இறங்காது. எனவே ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தே போட வேண்டும்.

ஒரு தோட்டாவுக்கு நூறு கிரெயினை ஒட்டி மருந்து பிடிக்கும் என்பதால் 500 கிராம் டப்பா ஒன்று ஏறத்தாழ எழுபத்தைந்து தோட்டாக்களில் காலியாகிவிடும். .308 பழக்கத்தில் கணக்குப் போட்டு வாங்கினால் பாதியில் தீர்ந்துபோகும். அதே மருந்து, அதே உற்பத்தித் தொகுதி எண் உள்ள டப்பாக்களாக மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. இவ்வளவு மருந்தைச் சீராகப் பற்றவைக்க மேக்னம் பிரைமர் தேவை. பிரஸ்ஸில் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் .308-க்கு உள்ளது சேராது. ரிக்பியின் கூட்டிலிருந்து பிறந்ததே .338 லபுவா என்பதால் அதற்குரிய ஷெல் ஹோல்டர் இதற்கும் பொருந்தும்.

அடுத்தது கிரிம்ப், அதாவது கூட்டின் கழுத்து குண்டை இறுகப் பிடிக்கும்படி செய்வது. .308-இல் நீங்கள் கிரிம்ப் செய்யாமலே பழகியிருக்கலாம். இங்கே அது கூடாது. முதல் தோட்டா வெடித்ததும் பின்னுதைப்பில் மேகசினுக்குள் இருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் மோதும். கழுத்தின் பிடி தளர்ந்திருந்தால் குண்டு உள்ளே இறங்கிவிடும், இறங்கினால் அழுத்தம் ஏறும், தோட்டாவின் நீளம் மாறுவதால் ஏற்றும்போது சிக்கலாம். குண்டில் உள்ள பள்ளக்கோட்டில் கழுத்தின் விளிம்பைத் திருப்பி இறுக்க வேண்டும். ரிக்பிக் கூட்டில் கழுத்துக்குக் கீழே அகலும் தோள் 45 பாகைக் கோணத்தில் செங்குத்தாக இருப்பதால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கூடுகள் ஒன்றுக்கொன்று நீளம் வேறுபட்டால், நீண்ட கூட்டின் மீது டை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) அதிகமாக அழுந்தி, தோள் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிதுங்கிவிடும். அந்தத் தோட்டா சேம்பருக்குள் முழுதாக இறங்காது. எனவே எல்லாக் கூடுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டிச் சீராக்கிய பிறகே கிரிம்ப் செய்யுங்கள். குண்டைப் பொருத்துவதையும் கிரிம்ப் செய்வதையும் ஒரே அசைவில் முடிக்காமல் தனித்தனியாகச் செய்யுங்கள். விரலால் தோளைத் தடவிப் பார்த்தாலே பிதுக்கம் தட்டுப்படும்.

பதில்: தெற்குமுனை (ஜோகன்னஸ்பர்க்)

பித்தளைக்கூடு அண்ணன் அழுத்தத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மூன்றாவது கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது .458 வின்செஸ்டர் மேக்னம். தொழிற்சாலைத் தோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், கையால் நிரப்பியது என்றால் ஐயப்பட வேண்டும் என்று பலரும் பொதுவாகச் சொல்கிறார்கள். இந்தத் தோட்டாவின் வரலாறே அதற்கு மறுப்பு.

வின்செஸ்டர் நிறுவனம் 1956-இல் இதை வெளியிட்டபோது, விலையுயர்ந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் செய்த வேலையைச் சாதாரண போல்ட் துப்பாக்கியில் தருவதே நோக்கம். பழைய ஆங்கிலேயத் தோட்டாக்களைக் கைனாக் நிறுவனம் 1960களில் கைவிட்ட பிறகு, ஆப்பிரிக்கா முழுவதும் இதுவே பரவியது. ஆனால் கூட்டை இரண்டரை அங்குல நீளத்துக்குள் அடக்கியதால், 500 கிரெயின் குண்டை விநாடிக்கு 2150 அடி வேகத்தில் அனுப்பத் தேவையான மருந்தைத் திணித்து அழுத்தித்தான் வைக்க முடிந்தது. அப்படி அழுத்தப்பட்ட உருண்டை மணி மருந்து, ஆண்டுக்கணக்கில் கிடந்தபோது கட்டிதட்டிச் சரியாக எரியாமல் போனது. குறுகிய குழல்களில் வேகம் 2000 அடிக்கும் கீழே விழுந்தது. யானைக்கு முன்னால் நின்றவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். 1959-இல் மொசாம்பிக்கில் காட்டெருமையால் குத்தப்பட்ட ஜாக் லாட், அந்த அனுபவத்துக்குப் பின் .375 ஹாலண்ட் கூட்டை முழு நீளத்தில் விரித்து .458 லாட் என்ற தோட்டாவை 1971-இல் உருவாக்கினார். இன்று மருந்துகள் மேம்பட்டுவிட்டதால் .458 வின்செஸ்டரின் மீதான பழைய குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில், நல்ல மருந்தைத் தேர்ந்து, அளவோடு போட்டு, குரோனோகிராஃபில் பார்த்து நிரப்பியவர்களின் தோட்டாக்கள் பெட்டியில் வந்தவற்றைவிட நம்பகமாக இருந்தன.

ஆகவே தோட்டாவை நிரப்பியது தொழிற்சாலையா, தனிமனிதரா என்பதைவிட, நிரப்பியவர் ஒவ்வொன்றையும் சோதித்தாரா என்பதே முக்கியம். நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். வேட்டைக்கு எடுத்துச் செல்லும் கூடுகள் புதியவை, அல்லது ஒருமுறை மட்டும் சுட்டவை. அவற்றின் கழுத்தை மட்டும் சுருக்காமல் முழுக்கூட்டையும் டைக்குள் செலுத்தி அளவுக்குக் கொண்டுவருகிறேன். துல்லியத்துக்காகக் கழுத்தை மட்டும் சுருக்குவது இலக்குப் பலகைக்காரர்களின் வழக்கம், நமக்குத் தோட்டா தூசியிலும் சேற்றிலும் தடையின்றி ஏற வேண்டும். ஒவ்வொரு கூட்டிலும் மருந்து விழுந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துகிறேன். முடிந்த பின், சுடுதளத்தில் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, வேட்டைக்கான ஒவ்வொரு தோட்டாவையும் மேகசின் வழியாகவே சேம்பருக்கு ஏற்றி வெளியே எடுக்கிறேன். எங்கேயாவது சிறு தயக்கம் தெரிந்தாலும் அது பயிற்சிப் பெட்டிக்குப் போய்விடும். உங்கள் சிஇசட் 550-இல் உள்ளது, கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் மவுசர் வகை நகம் கொண்ட போல்ட். தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே அந்த நகத்துக்குள் நுழைந்து கொள்ள வேண்டும். சேம்பரில் நேரடியாகப் போட்டுப் போல்ட்டை மூடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

குண்டுத் தேர்வில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் குண்டாக ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்று விரிந்தாலும் சிதறாதவற்றையே வையுங்கள். ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு அதன் பின்னால் விரியாத திடக் குண்டுகளை வைப்பது இங்கே வழக்கம். ஓடும் விலங்கைப் பின்னாலிருந்து சுட வேண்டி வந்தால் அதுதான் உள்ளே வரை போகும். இரண்டு வகையும் ஒரே புள்ளியில் விழுகின்றனவா என்று ஐம்பது மீட்டரில் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விழாவிட்டால் ஒரே வகையோடு நின்றுவிடுங்கள்.

இன்னொன்று, பின்னாளில் ஆப்பிரிக்கா வரும் எண்ணம் இருந்தால், விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. ரிக்பித் தோட்டா ஒன்று 50 கிராமுக்கு மேல் இருப்பதால் எண்பதுக்கு மேல் கொண்டுவருவது கடினம். ஜிம்பாப்வேயில் யானைக்கும் காட்டெருமைக்கும் 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5300 ஜூல் ஆற்றலும் குறைந்தபட்சம். உங்கள் துப்பாக்கி மிதமான மருந்தளவிலேயே அதை எளிதாகத் தாண்டும்.

டார்வின்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. தாளைக் கிழித்துவிட்டேன். கையேடும் ஏஆர் 2213எஸ்சி மருந்தும் வாங்கி, தொடக்க அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பின்னுதைப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். விற்றவரின் முன்னிலையில் ஒரு பெட்டித் தோட்டாவில் சிலவற்றை மேசையில் அமர்ந்து சுட்டேன். முதலிரண்டு இலக்கின் நடுவே விழுந்தன, பின்னவை தாழ்ந்துகொண்டே போயின. துப்பாக்கியில் குறை இல்லை என்று தெரிகிறது. பயிற்சிக்கென்று மருந்தைக் குறைத்து, மென்மையாகச் சுடும் தோட்டா செய்யலாமா? பாதி மருந்து போட்டால் பாதி உதை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நெடுவழி (ஹூஸ்டன்)

பாதி மருந்து என்று தயவுசெய்து செய்துவிடாதீர்கள் நண்பரே. இதற்காகவே எழுத வந்தேன்.

ஏஆர் 2213எஸ்சி போன்ற மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் பாதியளவு போட்டால், மென்மையான தோட்டா கிடைப்பதற்குப் பதிலாக, எரிதல் தடுமாறி, குண்டு குழலின் தொடக்கத்தில் நின்றுவிட்டு, பின் அழுத்தம் திடீரென எகிறித் துப்பாக்கி உடைந்த நிகழ்வுகள் உண்டு. மெதுவான மருந்துக்குக் கையேட்டின் தொடக்க அளவே கீழ் எல்லை, அதற்குக் கீழே ஒரு கிரெயினும் இறங்கக் கூடாது. வேகமாக எரியும் பிஸ்டல் மருந்தைச் சிறிதளவு போடுவதும் ஆபத்தே. இந்தக் கூட்டின் ஆழத்தில் அது ஒரு மூலையில் கிடக்கும். தவறி இரண்டு முறை, ஏன் மூன்று முறை ஊற்றினாலும் வெளியே வழியாது, எனவே கண்ணுக்கும் தெரியாது.

முறையான வழி இருக்கிறது. எச் 4895 மருந்து, உங்கள் ஊரில் ஏஆர் 2206எச், குறைந்த அளவிலும் சீராக எரியும் தன்மை உடையது. ஒரு தோட்டாவுக்கான அட்டவணையில் அந்த மருந்துக்கு உச்ச அளவு கொடுக்கப்பட்டிருந்தால், அதன் அறுபது விழுக்காடு வரை இறங்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே வழிகாட்டுகிறது. உங்கள் குண்டின் எடைக்குரிய அட்டவணையில் அம்மருந்து இல்லையென்றால் இந்த விதி உங்களுக்கு இல்லை. அப்போது ஏடிஐ நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். அட்டவணையில் இருந்தால், இலேசான குண்டோ வார்ப்பு ஈயக் குண்டோ வைத்து விநாடிக்கு 1700, 1800 அடி வேகத்தில் சுடலாம். உதை ஏறத்தாழ பாதியாகக் குறையும். வார்ப்பு ஈயக் குண்டு பழக்கமானால் பயிற்சிச் செலவு .308-ஐப் போலவே ஆகிவிடும். இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்புவதன் மிகப் பெரிய பயன் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். வேகத்தைக் கூட்டுவதற்காக நிரப்புபவர்களை நிறையப் பார்க்கிறேன். பயிற்சியைக் கூட்டுவதற்காக நிரப்புபவர்களே வேட்டையில் நன்றாகச் சுடுகிறார்கள்.

உங்கள் குண்டுகள் தாழ்ந்துபோனதற்குக் காரணம், அடுத்த உதையை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே குழலை அழுத்துவதுதான். .30-06 துப்பாக்கி தோளில் தரும் உதை 20 அடி-பவுண்டு அளவில் இருக்கும், ரிக்பி தருவது ஏறத்தாழ மூன்று மடங்கு. இதை மேசையில் அமர்ந்து சுடுவதுதான் மிகக் கொடுமை, ஏனென்றால் உடல் பின்னோக்கி ஆடி வாங்கிக்கொள்ள இடமில்லாமல் முழு உதையும் தோள் எலும்பில் இறங்குகிறது. ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும் மேசையில், அதுவும் தோளுக்கு முன் மணல்பை வைத்து, இலேசான தோட்டாவில் தொடங்கிச் சில குண்டுகள் சுடுங்கள். மற்ற எல்லாவற்றையும் நின்றுகொண்டு, மூங்கிலோ மரமோ கட்டிய மூன்றுகால் தாங்கியில் துப்பாக்கியை வைத்துச் சுடுங்கள். வேட்டையில் நீங்கள் சுடப்போவதும் அப்படித்தான், பெரும்பாலும் அறுபது மீட்டருக்குள். ஒரே நாளில் முழு மருந்துத் தோட்டாக்கள் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை இலேசானவற்றோடு கலந்து, எது ஏறுகிறது என்று தெரியாதபடி நண்பரை ஏற்றச் சொல்லுங்கள். சுடாத தோட்டாவில் குழல் கீழே தாழ்ந்தால் உடல் செய்யும் தவறு உங்களுக்கே கண்கூடாகத் தெரிந்துவிடும்.

துப்பாக்கியில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சிஇசட் 550-இன் ட்ரிகரை முன்னோக்கித் தள்ளினால் அது மிக இலேசாக விடுபடும்படி தயாராகிவிடும். இலக்குப் பலகைக்கு அது வசதி. புதர்களுக்கு நடுவே, பதற்றத்தில், கையுறையோ கிளையோ பட்டு அது தயாராகிவிட்டால் பெரும் ஆபத்து. தெரிந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்து அந்த வசதியை நீக்கிவிடுவது நல்லது. அடுத்தது ஸ்கோப். கண்ணுக்கும் ஆடிக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குல இடைவெளி தரும் குறைந்த உருப்பெருக்கமுள்ள ஸ்கோப்பாக இருக்கட்டும். புருவத்தில் ஒருமுறை பட்டுவிட்டால் அந்த அச்சம் போக நெடுநாள் ஆகும்.

பதில்: பித்தளைக்கூடு (பிரிஸ்பேன்)

நெடுவழி எழுதியதோடு வெப்பத்தைப் பற்றிய கேள்வியையும் முடித்துவிடுகிறேன், அதை நான் அரைகுறையாக விட்டுவிட்டேன்.

டார்வினில் நிழலிலேயே 33 பாகை என்றால், மூடிய வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே அது 60 பாகையைத் தாண்டும். எந்த மருந்தாக இருந்தாலும் அந்த இடத்தில் தோட்டாவை வைக்கக் கூடாது. வெப்பத்துக்கு அசையாத மருந்து என்று டப்பாவில் போட்டிருப்பது, சாதாரண வெயிலுக்கும் குளிருக்கும் இடையே வேகம் அதிகம் மாறாது என்ற பொருளில்தான். தோட்டாக்களை ஐஸ்பெட்டி போன்ற காப்பிட்ட பெட்டியில், பனிக்கட்டி இல்லாமல், இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கொண்டுபோங்கள். சுட்டுச் சூடேறிய சேம்பரில் தோட்டாவை ஏற்றிவிட்டு உரையாடிக்கொண்டு நிற்காதீர்கள். அந்தச் சில நிமிடங்களில் மருந்து வண்டியில் கிடந்ததைவிடச் சூடாகிவிடும்.

உங்கள் இறுதி மருந்தளவைத் தீர்மானிக்கும் சோதனையை அங்கே ஆண்டின் மிக வெப்பமான நாட்களில், அதாவது அக்டோபர், நவம்பரில், நண்பகலில் செய்யுங்கள். அந்த நாளில் கூடு விரல் வலிமையிலேயே வெளியே வந்தால், ஜூன், ஜூலையின் வறண்ட பருவ வேட்டையில் கவலையே இல்லை. குளிர்ந்த காலையில் உச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டு வெயிலில் அதைச் சுடுவது தலைகீழான முறை.

ரிக்பிக் கூடு குறைந்த அழுத்தத்தில் சுடப்படுவதால் பலமுறை தாங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் டையால் தோளை அதிகமாகப் பின்தள்ளினால், கூடு நீண்டு நீண்டு அடிப்பகுதிக்குச் சற்று மேலே உட்புறமாக மெலிந்துவிடும். சுட்ட கூட்டின் தோளை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் தள்ளாதபடி டையை அமையுங்கள். முனையை வளைத்துக் கூர்மையாக்கிய மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலாகச் சுவரைத் தடவிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கம்பி பள்ளத்தில் விழுவது போல் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிப் பித்தளைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, பயிற்சித் தோட்டாவும் வேட்டைத் தோட்டாவும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. பயிற்சிக்கு ஈயக் குண்டு என்றால் பார்த்த உடனே தெரிந்துவிடும், செம்புக் குண்டு என்றால் பிரைமரின் மீது நிரந்தர மையால் கறுப்புப் புள்ளி வையுங்கள். பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் மருந்தின் பெயர், தொகுதி எண், அளவு, குண்டு, பிரைமர், கூட்டின் வயது, நிரப்பிய தேதி, சோதித்த நாளின் வெப்பநிலை, கிடைத்த வேகம் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். முதல் சோதனை முடிந்ததும் உங்கள் வேகங்களை இங்கே பதிவிடுங்கள், கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டார்வின்வாசி

நன்றி அண்ணா. அட்டவணையைப் பார்த்துவிட்டேன், என் குண்டுக்கு ஏஆர் 2206எச் கொடுக்கப்படவில்லை, எனவே பயிற்சி அளவு குறித்து ஏடிஐ நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை ஏஆர் 2213எஸ்சி மருந்தில் தொடக்க அளவுத் தோட்டாக்களை மட்டும், நாளுக்கு ஐந்து என்ற கணக்கில், தாங்கியில் வைத்துச் சுடுகிறேன். ட்ரிகர் வேலைக்குத் துப்பாக்கியைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன். நவம்பர் வெயிலில் எடுத்த வேகங்களோடு வருகிறேன்.